இப்சனும் நவீன நார்வேயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹென்ரிக் இப்சன் என்றதும் 'பொம்மை வீடு' நாடகமும், அதன் கடைசியில் நாயகி நோரா கணவனையும் பிள்ளைகளையும் விட்டு வெளியேறும்போது கேட்கும் கதவுச் சத்தமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தக் கதவு இருந்த நாடு எப்படிப்பட்டது, சத்தம் கேட்ட பிறகு அங்கே என்ன நடந்தது என்று நாடகம் படிப்பவர்களும் வரலாறு படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதியது இது.

ஒரு நாடகாசிரியரால் ஒரு நாட்டை நவீனமாக்க முடியுமா?

தனி ஆளாக முடியாது. நார்வேயில் ரயில் பாதை போட்டதும், கப்பல் கட்டியதும், சட்டம் இயற்றியதும் வேறு மனிதர்கள். 1854-இல் கிறிஸ்டியானியாவிலிருந்து, அதாவது இன்றைய ஓஸ்லோவிலிருந்து, எய்ட்ஸ்வோல் வரை நாட்டின் முதல் ரயில் ஓடியபோது இப்சன் பெர்கன் நகரில் சம்பளத்துக்கு நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் ரயில் வந்துவிட்டதாலேயே வீட்டுக்குள் எதுவும் மாறிவிடாது. யார் கையெழுத்துப் போடலாம், யார் கடன் வாங்கலாம், பிள்ளைகள் காதில் விழாமல் எதைப் பேச வேண்டும் என்பதெல்லாம் அப்படியே இருக்கும். இப்சன் கைவைத்தது அந்த இடத்தில். ஊரே அறிந்திருந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாதிருந்ததை அவர் மேடையில் சொல்ல வைத்தார். சொல்லிவிட்ட பிறகு அதை மறுபடி மூடிவைக்க முடியவில்லை. நார்வேக்கு அவர் செய்த பெரிய காரியம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்சன் பிறந்த காலத்தில் நார்வே எப்படி இருந்தது?

அவர் பிறந்தது 1828 மார்ச் 20, ஷியேன் என்ற ஊரில். அப்போது நார்வே ஏழை நாடு. நூற்றாண்டுகளாக டென்மார்க்கின் கீழ் இருந்துவிட்டு, 1814-இல் தனக்கென ஓர் அரசியல் சட்டத்தை எழுதிக்கொண்டது. அதே ஆண்டு சுவீடன் மன்னரின் கீழ் வந்தது. 'ஸ்டோர்ட்டிங்' என்ற சொந்த நாடாளுமன்றம் இருந்தது, ஆனால் வெளியுறவு சுவீடன் கையில். 1875-இல் எடுத்த கணக்கெடுப்பிலும் மக்கள்தொகை சுமார் 18 லட்சம்தான். பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்கள் ஏராளம்.

எழுத்து மொழி டேனிஷ். தலைநகர் நாடக அரங்கில் டேனிஷ் நடிகர்கள், டேனிஷ் உச்சரிப்பு. இப்சனின் புத்தகங்களும் பின்னாளில் கோபன்ஹேகனில்தான் அச்சாயின.

அவருடைய இளமைக்கும் எழுத்துக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. தந்தை க்னுட் இப்சன் வசதியான வணிகர். மகனுக்கு ஏழு வயது இருக்கும்போது கடனில் மூழ்கினார். குடும்பம் ஊருக்கு வெளியே வென்ஸ்டப் என்ற பண்ணை வீட்டுக்குக் குடிபோனது. நேற்றுவரை விருந்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள் இன்று முகம் திருப்பிக்கொள்வது எப்படி இருக்கும் என்பதைச் சிறுவன் அந்த வயதிலேயே பார்த்துவிட்டான். பிறகு அவர் எழுதிய நாடகங்களில் கடனும் பத்திரமும் மானமும் இவ்வளவு இடம் பிடிப்பதில் எனக்கு வியப்பே இல்லை.

பதினைந்து வயதில் கிரிம்ஸ்டாட் என்ற சிற்றூரில் மருந்துக்கடையில் வேலை பழகப் போனார். அங்கே வேலை செய்த பெண்ணுக்கும் அவருக்கும் 1846-இல் ஒரு மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. பல ஆண்டுகள் ஜீவனாம்சம் மட்டும் கட்டினார். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது. அவருடைய நாடகங்களில் தகப்பன் பெயர் இல்லாத பிள்ளைகள் ஏன் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதும் இதைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும்.

1850-இல் தலைநகருக்கு வந்தார். அங்கே மார்க்கஸ் திரானே என்பவர் நடத்திய தொழிலாளர் இயக்கத்துக்காக ஞாயிறு வகுப்பு எடுத்தார், அதன் பத்திரிகைக்கும் எழுதினார். 1851 ஜூலையில் போலீஸ் அச்சகத்துக்குள் புகுந்தது. மேற்பார்வையாளர் கையெழுத்துப் பிரதிகளைக் குப்பைபோலத் தரையில் எறிந்துவிட்டதால் இப்சன் தப்பினார் என்று சொல்வார்கள். நண்பர் ஆபில்ட்கார்ட் சிறைக்குப் போனார். அதன் பிறகு இப்சன் எந்த இயக்கத்திலும் நேரடியாகச் சேரவில்லை.

நார்வேக்குச் சொந்த மேடை எப்போது கிடைத்தது?

பிடில் மேதை ஓலே புல் 1850-இல் பெர்கனில் ஒரு நார்வேஜிய நாடக அரங்கைத் தொடங்கினார். நார்வேஜிய நடிகர்கள் நார்வேஜிய மொழியில் பேச வேண்டும் என்பதே நோக்கம். மறு ஆண்டு இப்சன் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அரங்கின் ஆண்டுவிழா ஜனவரி 2-இல் வரும். ஆண்டுதோறும் அதற்கு ஒரு புது நாடகம் எழுதித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நாடகங்கள் பெரிதாக ஓடவில்லை. 1857 முதல் தலைநகரில் இன்னொரு நார்வேஜிய அரங்கை நடத்தினார், அதுவும் 1862-இல் திவாலானது. ஆனாலும் நாற்காலி எங்கே போட வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அன்றாடம் பார்த்துப் பழகிய பதினோரு ஆண்டுகள் அவை. பின்னாளில் ஒரு கதவுச் சத்தத்தால் ஐரோப்பாவை எழுப்ப முடிந்தது அந்தப் பழக்கத்தால்தான்.

27 ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தவர் தாய்நாட்டை எப்படி மாற்றினார்?

1864-இல் பிரஷ்யா டென்மார்க்கைத் தாக்கியபோது, மேடைகளில் சகோதர பாசம் பேசிய நார்வேயும் சுவீடனும் கைகட்டி நின்றன. இப்சன் மனம் வெறுத்து இத்தாலிக்குப் போனார். ரோம், டிரெஸ்டன், மியூனிக் என்று வாழ்ந்து 1891-இல்தான் திரும்பி வந்து தங்கினார்.

தூரம் அவருக்குத் துணையாக இருந்தது. சிற்றூரில் இருந்துகொண்டு அந்தச் சிற்றூரைப் பற்றி எழுதினால் மறுநாள் மளிகைக்கடையில் முகம் பார்க்க வேண்டும். ரோமில் அந்த நெருக்கடி இல்லை. அதே சமயம் நார்வே செய்தித்தாள்களை விளம்பரம் விடாமல் படித்தார். 1866-இல் 'பிராண்ட்' என்ற அவருடைய நாடகம் வெளிவந்ததும் நாடாளுமன்றம் ஆண்டுக்கு 400 ஸ்பெசிடாலர் (அன்றைய நார்வே நாணயம்) உதவித்தொகை ஒதுக்கியது. தன்னைத் திட்டி எழுதிய எழுத்தாளருக்கு ஓர் ஏழை நாடு படியளந்தது. நார்வேயின் பெருமைகளில் இதையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

'பொம்மை வீடு' ஏன் இவ்வளவு பேசப்பட்டது?

1879 டிசம்பர் 4-இல் நூலாக வந்தது. 8,000 பிரதிகள் ஒரு மாதத்துக்குள் தீர்ந்தன. டிசம்பர் 21-இல் கோபன்ஹேகனில் மேடையேறியது. அடுத்த மாதம் கிறிஸ்டியானியாவுக்கு வந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஸ்டாக்ஹோமில் விருந்து அழைப்பிதழ்களில் 'தயவுசெய்து பொம்மை வீட்டைப் பற்றிப் பேச வேண்டாம்' என்று எழுதியதாகச் சொல்வதுண்டு.

கதை தெரிந்ததுதான். ஆனால் எல்லோரும் கடைசிக் காட்சிக்குத் தாவிவிடுகிறார்கள். நான் அடிக்கடி போய் நிற்பது முதல் பக்கத்தில். நோரா கிறிஸ்துமஸ் மரத்துடன் வீட்டுக்குள் வருகிறாள். சுமை கொண்டுவந்த ஆள் கூலி ஐம்பது எரே என்கிறான். அவள் ஒரு குரோன் கொடுத்து மீதியை நீயே வைத்துக்கொள் என்கிறாள். கேட்டதைப்போல் இரண்டு மடங்கு. இந்தப் பெண்ணுக்குப் பணத்தின் அருமை தெரியாது என்று பார்வையாளர் நினைத்துக்கொள்கிறார். கணவன் ஹெல்மரும் அதைத்தான் நினைக்கிறான், 'ஊதாரிக் குருவி' என்று கொஞ்சுகிறான்.

சற்று நேரத்தில் உண்மை வெளிவருகிறது. கணவன் உயிரைக் காப்பாற்ற அவனை இத்தாலிக்கு அழைத்துப் போக நோரா ரகசியமாகக் கடன் வாங்கியிருக்கிறாள். எவ்வளவு என்று தோழியிடம் சொல்லும்போது, 1,200 ஸ்பெசிடாலர், இப்போதைய கணக்கில் 4,800 குரோன் என்கிறாள். குரோன் நாணயம் வந்தது 1875-இல். நாடே பழைய காசிலிருந்து புதிய காசுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம், அந்த மாற்றம் இந்தப் பெண்ணின் வாயில் அப்படியே இருக்கிறது. வட்டியும் தவணையும் கட்டுவதற்காகத் தன் உடைச் செலவில் மிச்சம் பிடித்தாள், இரவெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு நகல் எழுதும் வேலை செய்தாள். உழைத்துச் சம்பாதித்தபோது ஏறக்குறைய ஆணாக இருப்பதுபோல் இருந்தது என்று சொல்கிறாள்.

கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்க முடியாதே என்று தோழி கேட்கிறாள். அதுதான் அன்றைய சட்டம். பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியவர் நோராவின் தந்தை. அவர் இறந்தது செப்டம்பர் 29. கையெழுத்தின் கீழே இருக்கும் தேதி அக்டோபர் 2. கடன் கொடுத்த க்ரோக்ஸ்டாட் அந்தத் தேதியில் விரலை வைத்துக் கேட்கும்போது நோரா மழுப்பவில்லை, நான்தான் போட்டேன் என்கிறாள். சட்டம் நோக்கத்தைப் பார்ப்பதில்லை என்கிறான் அவன். அப்படியானால் அது மிக மோசமான சட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்கிறாள் அவள்.

குடும்பத்தைத் தாங்கியது அவள் சம்பாத்தியம். ஆனால் சட்டத்தின் முன் அவளுக்குக் கையெழுத்தே கிடையாது. இதைச் சொற்பொழிவாகச் சொல்லியிருந்தால் நாலு பேர் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இப்சன் ஒரு கடன் பத்திரத்தை மேசைமேல் வைத்தார். கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள்.

நோரா என்று ஒரு பெண் உண்மையில் இருந்தாரா?

லௌரா கீலர் என்ற எழுத்தாளர் இப்சன் குடும்பத்துக்கு நெருக்கமானவர். காசநோய் கண்ட கணவனுக்காக ரகசியமாகக் கடன் வாங்கினார், சிக்கியபோது பொய்க் கையெழுத்துப் போட்டார். கணவன் அவரைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து மனநலக் காப்பகத்துக்கு அனுப்பினான். நோரா தானாக வெளியேறுகிறாள், லௌரா வெளியேற்றப்பட்டார். நாடகம் வந்த பிறகு 'இவர்தான் நோரா' என்ற பேச்சு அவரை வாழ்நாள் முழுவதும் துரத்தியது. அந்தக் காயத்துக்கு இப்சனும் பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன்.

முடிவை மாற்றி எழுதினார் என்பது உண்மையா?

உண்மை. ஜெர்மன் நடிகை ஹெட்விக் நீமன்-ராபே, 'நான் என் பிள்ளைகளை விட்டுப் போகவே மாட்டேன்' என்று நடிக்க மறுத்தார். ஜெர்மனியில் இப்சனின் படைப்புக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை, வேறு யாராவது சிதைப்பதற்குள் அவரே ஒரு மாற்று முடிவை எழுதிக்கொடுத்தார். அதில் நோரா தூங்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் தங்கிவிடுகிறாள். தன் நாடகத்தின்மேல் நடந்த காட்டுமிராண்டித்தனம் என்றுதான் அவர் அதைச் சொன்னார்.

நாடகம் வந்ததால் சட்டம் மாறியதா?

'இதனால் அது' என்று கோடு போட முடியாது. நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். 1882-இல் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறந்தது. 1884-இல் கினா க்ரோக், ஹாக்பார்ட் பெர்னர் முதலானோர் நார்வே பெண்ணுரிமைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு, திருமணமான பெண்களுக்குத் தனிச் சொத்துரிமை வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு போனது. அதில் இப்சன், பியோர்ன்சன், யோனாஸ் லீ, அலெக்சாண்டர் கீலண்ட் என்ற நான்கு பெரிய எழுத்தாளர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். இந்த விஷயத்தில் ஆண்களிடம் கருத்துக் கேட்பது, ஆடுகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டுமா என்று ஓநாய்களைக் கேட்பதுபோல என்று பியோர்ன்சனுக்கு எழுதிய கடிதத்தில் இப்சன் சொன்னார்.

1888-இல் சட்டம் வந்தது. திருமணமான பெண் சட்டத்தின் முன் வயதுவந்தவள் ஆனாள், தன் சம்பாத்தியத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை பெற்றாள். நோரா மேடையேறி ஒன்பது ஆண்டு. தம்பதியின் கூட்டுச் சொத்தின் நிர்வாகம் கணவனிடமே இருந்தது, அது சரியாவதற்கு 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1909-இல் விவாகரத்து எளிதானது. 1913-இல் எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது.

சட்டம் எழுதியவர்களில் பலர் அந்த நாடகத்தைப் பார்த்தோ படித்தோ சண்டை போட்டோ வளர்ந்தவர்கள். இவ்வளவுதான் உறுதியாகச் சொல்லலாம். எனக்கு இதுவே போதும்.

'ஆவிகள்' நாடகத்தை ஏன் யாரும் வாங்கவில்லை?

1881 டிசம்பரில் 10,000 பிரதிகள் அச்சாயின. புத்தகக் கடைகள் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பின. அடுத்த பதிப்பு வர 13 ஆண்டுகள் ஆயின. முதல் மேடையேற்றமே 1882-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஸ்காண்டிநேவியக் குடியேறிகள் மத்தியில்தான் நடந்தது. தந்தையின் ஒழுக்கக்கேட்டால் வந்த பால்வினை நோய் மகனை அழிக்கிறது, கணவனை விட்டு ஓடிவந்த மனைவியைப் பாதிரியார் திருப்பி அனுப்பியது பெருந்தவறு என்று நாடகம் காட்டுகிறது. மரியாதையான வீட்டில் வைத்திருக்க முடியாத புத்தகம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. திருமதி ஆல்விங் கட்டியிருக்கும் அநாதை இல்லத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா என்று பேச்சு வருகிறது. எடுத்தால் கடவுள்மேல் நமக்கு நம்பிக்கை இல்லை என்று ஊர் பேசும் என்கிறார் பாதிரியார் மாண்டர்ஸ். எடுக்கவில்லை. அன்றிரவே கட்டடம் எரிந்து சாம்பலாகிறது. அதே மாண்டர்ஸ், அந்த அம்மாள் மேசைமேல் இருக்கும் புத்தகங்களைக் கண்டிக்கிறார். படித்தீர்களா என்றால், அவற்றைப் பற்றிப் படித்திருக்கிறேன் என்கிறார். ஒரு சமூகம் பழைய காலத்திலிருந்து புதிய காலத்துக்குக் கால் எடுத்து வைக்கும்போது எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்பதை இந்த இரண்டு சிறு உரையாடல்கள் சொல்வதுபோல் பெரிய வரலாற்று நூல்கள்கூட எனக்குச் சொன்னதில்லை.

'மக்கள் விரோதி' எழுதியவர் ஜனநாயகத்துக்கு எதிரியா?

'ஆவிகள்' வாங்கிய வசைக்கு அடுத்த ஆண்டே எழுதிய பதில் அது. குளியல் சிகிச்சைக்குப் பெயர்போன ஊர். மேலேயிருக்கும் தோல் பதனிடும் ஆலைக் கழிவு தண்ணீரில் கலக்கிறது என்று டாக்டர் ஸ்டாக்மன் கண்டுபிடிக்கிறார். நகரத் தலைவராக இருக்கும் சொந்த அண்ணனே அதை மூடிமறைக்கிறார். உண்மையைப் போடுவதாகச் சொன்ன பத்திரிகை பின்வாங்குகிறது, ஊர்க்கூட்டம் அவரை விரோதி என்று தீர்மானம் போடுகிறது.

பெரும்பான்மை எப்போதும் சரியாக இருக்காது என்று ஸ்டாக்மன் கத்துகிறார், சில இடங்களில் எல்லை மீறியும் பேசுகிறார். இப்சனுக்கும் கட்சி அரசியல்மேல் ஆழ்ந்த சந்தேகம் இருந்தது. ஆனால் 1885-இல் டிரண்ட்ஹைம் நகரில் தொழிலாளர்கள் மத்தியில் பேசியபோது, நாட்டுக்கு ஒரு புதிய மேன்மை வேண்டும், அது பெண்களிடமிருந்தும் தொழிலாளர்களிடமிருந்தும்தான் வரும் என்றார். அவருக்கு இருந்த அச்சம் ஒன்றே. தனியொருவன் கண்ட உண்மையை ஊர் சேர்ந்து அமுக்கிவிடக் கூடாது. நார்வேயில் நாடாளுமன்ற ஆட்சிமுறை நிலைபெற்ற 1884-க்கு இரண்டே ஆண்டு முன்பு எழுதப்பட்ட நாடகம் இது. பிறக்கப்போகும் ஜனநாயகத்துக்கு இதைவிடத் தேவையான எச்சரிக்கை வேறு இருந்திருக்க முடியாது.

அவர் பெண்ணியவாதியா?

1898 மே மாதம் பெண்ணுரிமைச் சங்கம் அளித்த விருந்தில், பெண்ணுரிமைக்காகத் திட்டமிட்டு உழைத்தேன் என்ற பெருமையை ஏற்க மாட்டேன், எனக்கு அது மனிதர்களின் பிரச்சினையாகவே தெரிந்தது என்றார். இதை எடுத்துக்காட்டி அவர் பெண்ணியவாதி அல்ல என்று வாதிடுகிறவர்கள் உண்டு.

நான் 1879-ஐ எடுத்துக்காட்டுவேன். ரோமில் ஸ்காண்டிநேவியர் சங்கத்தில், நூலகர் பதவிக்குப் பெண்களும் வரலாம், பெண் உறுப்பினர்களுக்கு வாக்கு வேண்டும் என்று இரண்டு தீர்மானங்கள் கொண்டுவந்தார். முதலாவது நிறைவேறியது, இரண்டாவது ஒரே வாக்கில் தோற்றது. கோபத்தில் கொதித்தவர் பிறகு அங்கே நடந்த ஒரு விருந்தில் அனைவரையும் வசைபாடினார். அந்த ஆண்டே நோரா பிறந்தாள்.

அவரை மட்டும் புகழ்வது நியாயமா?

நியாயமில்லை. கமில்லா கொலெட் 1854-55-இலேயே, மனத்துக்குப் பிடிக்காத திருமணத்தில் பெண்கள் எப்படி அடைபடுகிறார்கள் என்று நாவல் எழுதினார், இப்சனை நேரிலும் விடாமல் கேள்வி கேட்டார். 'சமூகத்தின் தூண்கள்' நாடகத்தில் வரும் லோனா ஹெஸ்ஸெலுக்கு முன்மாதிரி ஓஸ்தா ஹான்ஸ்டீன் என்ற ஓவியர். மேடையேறிப் பேசியதற்காக அவர் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. இப்சனின் மனைவி சுசன்னா இல்லாமல் இப்சனே இல்லை. பியோர்ன்சன் ஊர் ஊராகப் போய்ப் பேசிச் சேர்த்த கூட்டத்தை, எழுத்துமேசையை விட்டு நகராத இப்சனால் சேர்த்திருக்கவே முடியாது.

சுவீடனிலிருந்து விடுதலை பெற்றதில் அவருக்குப் பங்கு உண்டா?

நேரடியாக இல்லை. அவர் மகன் சிகூர் இப்சன் 1903 முதல் 1905 வரை, சுவீடன் மன்னர் இருந்த ஸ்டாக்ஹோமில் நார்வேயின் பிரதமராக இருந்தார், பிரிவுக்கு முந்தைய பேச்சுவார்த்தைகளில் முக்கியமானவர். அவர் மணந்தது பியோர்ன்சனின் மகள் பெர்லியோட்டை. 1905 ஜூன் 7-இல் ஒன்றியம் முறிந்தபோது இப்சன் பக்கவாதத்தில் படுத்திருந்தார். 1906 மே 23-இல் காலமானார்.

இன்று ஓஸ்லோவில் அவரை எங்கே பார்க்கலாம்?

1899-இல் திறந்த தேசிய நாடக அரங்கின் வாசலில் அவர் சிலையும் பியோர்ன்சன் சிலையும் நிற்கின்றன. கடைசி ஆண்டுகளில் அவர் குடியிருந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கிருந்து அவர் நாள்தோறும் கிராண்ட் கஃபேவுக்கு நடந்துபோன வழியில் அவருடைய வரிகளை நடைபாதையில் உலோக எழுத்துகளாகப் பதித்திருக்கிறார்கள்.

முதலில் எதைப் படிக்கலாம்?

'பொம்மை வீடு'. கையில் ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கை மாறும் இடங்களையும் யாராவது கையெழுத்தைப் பற்றிப் பேசும் இடங்களையும் கோடிட்டுக்கொண்டே போங்கள். அந்த ஒரு குரோனில் தொடங்கிக் கடைசியில் நோரா மோதிரத்தையும் சாவிகளையும் திருப்பிக் கொடுக்கும் இடம்வரை. அதன் பிறகு 'ஆவிகள்'.